கனடா பி.ஆர்.: மனைவி அல்லது கணவர் எந்த நாளில் லேண்ட் ஆவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பான்சர்ஷிப் (கனடாவில் இருக்கும் துணை உங்களை வரவழைக்கும் விண்ணப்பம்) முடிந்து விசா கைக்கு வந்த பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது: எந்த நாளில் போய் இறங்குவது. பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பாளர்) அந்தஸ்து, ஐந்தாண்டுக் கணக்கு, உங்களைப் பராமரிப்பதாக ஸ்பான்சர் கொடுத்த உறுதிமொழி, சுங்கச் சலுகை எல்லாம் அந்த ஒரு நாளில் இருந்துதான் ஓடத் தொடங்குகின்றன. டிக்கெட் விலையை மட்டும் பார்த்து நாள் குறித்துவிட்டு, பிறகு பி.ஆர். கார்டு இல்லாமல் ஊரில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கீழே உள்ளவை, இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து கனடாவில் இருக்கும் துணையிடம் போகிறவர்களுக்கானவை.

விசா ஒட்டி பாஸ்போர்ட் வந்துவிட்டது. நான் இப்போதே பி.ஆர். ஆகிவிட்டேனா?

இல்லை. உங்களிடம் இருப்பது கனடாவுக்குள் நுழைந்து பி.ஆர். ஆவதற்கான அனுமதி மட்டும்தான். சி.ஓ.பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் உறுதிப் பத்திரத்தில், கனடாவில் நீங்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகே நீங்கள் பி.ஆர். அதுவரை உங்கள் நிலைமையில் எந்த மாற்றம் வந்தாலும், கல்யாணம், குழந்தை, பிரிவு எதுவானாலும், கனடாவின் குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி.க்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

சி.ஓ.பி.ஆரில் உள்ள கடைசித் தேதி எப்படி வருகிறது? அதை நீட்டிக்க முடியுமா?

பெரும்பாலும் மெடிக்கல் பரிசோதனை முடிந்த நாளில் இருந்து 12 மாதம். அதற்கு முன்பே பாஸ்போர்ட் காலாவதியாகும் என்றால் பாஸ்போர்ட்டின் தேதி. இரண்டில் எது முந்தியோ அதுதான் கடைசித் தேதி. அதனால்தான் மெடிக்கல் முன்கூட்டியே முடிந்து கோப்பு மெதுவாக நகர்ந்தவர்களுக்கு விசா வரும்போது இரண்டு, மூன்று மாதமே மிச்சம் இருக்கிறது. மெடிக்கல் கடைசியில் கேட்கப்பட்டவர்களுக்கு ஒன்பது, பத்து மாதம் கிடைக்கிறது.

நீட்டிப்பு கிடையாது. தேதி தாண்டினால் மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழி. பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறது என்று தெரிந்தால், விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே புதுப்பித்து, புதிய எண்ணை ஐ.ஆர்.சி.சி.க்கு அனுப்பிவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு புதுப்பிக்க நினைப்பது வீண் சிக்கல்.

கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்பாக இறங்க வேண்டும்?

சட்டப்படி அந்தத் தேதிக்குள் இறங்கினால் போதும். ஆனால் இரண்டு வாரமாவது இடைவெளி வையுங்கள். சென்னையில் இருந்தோ கொழும்பில் இருந்தோ போகிறவர்கள் வழியில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுகிறார்கள். ஒரு இணைப்பு தவறினால், பனிப்புயலில் ஒரு விமானம் ரத்தானால் இரண்டு நாள் போய்விடும். தேதி தாண்டிய விசாவோடு வருகிறவரை விமான நிறுவனம் ஏற்றாது.

ஆடி கழிந்து போகலாம் என்கிறார்கள் வீட்டில். பரவாயில்லையா?

கடைசித் தேதி ஆவணிக்குப் பிறகு என்றால் தாராளமாக. ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ தேதி முடிகிறது என்றால், அந்தத் தாளைப் பெரியவர்களிடமே காட்டிவிட்டு ஆனியிலேயே கிளம்புங்கள்.

இப்போது போய் லேண்ட் ஆகிவிட்டு, ஒரு வாரத்தில் திரும்பி வந்து, ஆறு மாதம் கழித்துக் குடிபெயரலாமா?

இதைத்தான் சாஃப்ட் லேண்டிங் என்கிறார்கள். சட்டம் அனுமதிக்கிறது. வேலையில் நோட்டீஸ் காலம், படிப்பின் கடைசி செமஸ்டர், உடம்புக்கு முடியாத பெற்றோர் என்று நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் திரும்பி வருவதற்குள் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு முடிவு எடுங்கள்.

அந்த விசா ஒரே ஒரு முறைக்குத்தான். லேண்ட் ஆனதும் அதன் வேலை முடிந்தது; கையெழுத்தான சி.ஓ.பி.ஆரும் பயண ஆவணம் அல்ல. மறுபடி கனடாவுக்கு விமானம் ஏற பி.ஆர். கார்டு வேண்டும். அந்தக் கார்டு கனடா முகவரிக்குத்தான் வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். முதல் கார்டுக்குத் தனி விண்ணப்பமோ கட்டணமோ இல்லை, ஆனால் லேண்ட் ஆன 180 நாளுக்குள் கனடா முகவரி ஐ.ஆர்.சி.சி.யிடம் இருக்க வேண்டும். தவறினால் 50 டாலர் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

ஆகவே இறங்கும்போதே துணையின் முகவரியை அபார்ட்மென்ட் எண், அஞ்சல் குறியீட்டோடு அதிகாரியிடம் கொடுங்கள். அவர் தட்டச்சு செய்ததை ஒரு முறை படித்துப் பாருங்கள். யூனிட் எண் விட்டுப்போனதால் கார்டு திரும்பிப் போன கதை அடிக்கடி கேட்பதுதான். கணவர் அடுத்த மாதம் வீடு மாறப் போகிறார் என்றால், மாறாத ஒரு உறவினர் முகவரி நல்லது. கார்டு வர சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். வந்த பிறகு நம்பகமானவர் கையில் கொடுத்தனுப்பலாம். கூரியரிலும் வரவழைக்கிறார்கள், தொலைந்தால் அந்தச் சுமை உங்களுடையது.

எங்கள் கருத்து: இடைவெளி மூன்று மாதத்துக்குக் குறைவு, சி.ஓ.பி.ஆர். தேதியும் இடம் கொடுக்கிறது என்றால் சாஃப்ட் லேண்டிங் வேண்டாம். இரட்டை டிக்கெட் செலவும் கார்டுக் கவலையும் மிச்சம். கடைசித் தேதி நெருங்கி, வேலையை விட வழியே இல்லாதபோதுதான் அது அர்த்தமுள்ள வழி.

கார்டு கைக்கு வரும் முன்பே ஊரில் மாட்டிக்கொண்டேன். என்ன செய்வது?

பி.ஆர். பயண ஆவணத்துக்கு வெளிநாட்டில் இருந்தே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 டாலர். பாஸ்போர்ட், கையெழுத்தான சி.ஓ.பி.ஆர். நகல், புகைப்படம், பயண விவரம் தேவை. லேண்ட் ஆன நாளில் இருந்து ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தையும் தேதியோடு எழுத வேண்டும். இதற்கு எடுக்கும் காலம் உங்கள் கையில் இல்லை. அதனால் வேலையில் சேரும் தேதியை நம்பி உறுதி கொடுத்துவிடாதீர்கள்.

730 நாள் கணக்கு எப்படி?

ஐந்தாண்டில் குறைந்தது 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாளின் ஒரு பகுதி கனடாவில் இருந்தாலும் அது முழு நாள். இறங்கிய நாளும் திரும்பப் புறப்பட்ட நாளும் சேரும். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் ஐந்தாண்டு முடியாதவர்களிடம், மிச்சமுள்ள நாட்களில் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். 2026 ஜூன் 10 அன்று லேண்ட் ஆனவர், 2031 ஜூன் 10க்குள் அந்த 730ஐச் சேர்த்தாக வேண்டும். அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டு வரை வெளியே இருக்க இடம் உண்டு. அதற்கு மேல் போனால் கணக்கு இடிக்கும்.

துணை கனடா குடிமகன் அல்லது குடிமகள் என்றால், வெளிநாட்டில் அவரோடு சேர்ந்து வாழ்ந்த நாட்களும் கணக்கில் வரும். அவர் டொரோண்டோவில், நீங்கள் திருச்சியில் என்றால் வராது. வெளிநாட்டில் சேர்ந்து இருந்தபோதும், யார் யாரைத் தொடர்ந்து போனார்கள் என்ற கேள்வி சில வழக்குகளில் எழுந்திருக்கிறது. முதலில் கனடாவில் குடும்பம் நடத்திவிட்டுப் பிறகு சேர்ந்து வெளியே போனவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. துணை வெறும் பி.ஆர். என்றால், அவர் கனடா நிறுவனத்தாலோ அரசாலோ முழுநேர வேலைக்கு வெளிநாடு அனுப்பப்பட்டிருந்தால் மட்டுமே அவரோடு இருந்த நாட்கள் சேரும்.

கணவர் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறன்சார் வகுப்பினருக்கான பி.ஆர். வழி) முதன்மை விண்ணப்பதாரர். நான் அவருக்கு முன்னால் போகலாமா?

கூடாது. முதன்மை விண்ணப்பதாரர் முதலில், அல்லது இருவரும் சேர்ந்து. அவர் போய் வீடு பார்த்த பிறகு நீங்கள் போகலாம், ஆனால் உங்கள் சி.ஓ.பி.ஆர். தேதிக்குள். அவரவர் தாளில் உள்ள தேதியை அவரவர் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு பி.ஆர். விசா வந்துவிட்டது, இன்னும் லேண்ட் ஆகவில்லை. அதற்குள் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். முதலில் எது?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். தனி ஆளாக விண்ணப்பித்த நீங்கள் லேண்ட் ஆவதற்கு முன்பு கல்யாணம் செய்துகொண்டு, அதைச் சொல்லாமல் 'திருமணமாகாதவர்' என்று கையெழுத்துப் போட்டால், அந்த மனைவியைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய முடியாது. குடிவரவு விதிகளின் 117(9)(d) பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 செப்டம்பரில் இருந்து சிலருக்குத் தற்காலிகக் கொள்கைத் தளர்வு தரப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டால் உங்கள் பி.ஆரே ஆட்டம் காணும்.

நிச்சயதார்த்தம் கல்யாணம் அல்ல, அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் 'சும்மா ரெஜிஸ்டர் மட்டும் பண்ணி வைப்போம், தாலி கட்டுவது பிறகு' என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் போடும் கையெழுத்து முழுக் கல்யாணம்தான். அந்த நாளில் இருந்து நீங்கள் மணமானவர். வழி இரண்டு: லேண்ட் ஆகிவிட்டு வந்து தாலி கட்டி, பிறகு ஸ்பான்சர் செய்வது, அல்லது முதலில் கல்யாணம் செய்து, ஐ.ஆர்.சி.சி.க்கு எழுதி, துணையையும் கோப்பில் சேர்த்து, அதன் முடிவு வரும்வரை லேண்ட் ஆகாமல் இருப்பது. முதல் வழியில் உங்கள் பி.ஆர். பத்திரம், துணைக்குத் தனிக் கோப்பு, தனிக் காத்திருப்பு. இரண்டாவதில் சேர்ந்தே போகலாம், ஆனால் உங்கள் லேண்டிங்கும் தள்ளிப்போகும்.

கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவம் இங்கேயா அங்கேயா?

கனடாவில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே குடிமகன். இங்கே பிறந்தால், பெற்றோரில் ஒருவர் கனடா குடியுரிமை உள்ளவரா என்று பாருங்கள். கனடாவில் பிறந்தோ குடியுரிமை வாங்கியோ இருந்தால் பொதுவாகக் குழந்தைக்கும் குடியுரிமை உண்டு, சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவருமே குடிமக்கள் இல்லை என்றால், குழந்தையை உங்கள் கோப்பில் சேர்க்க ஐ.ஆர்.சி.சி.க்கு எழுதிவிட்டு, மெடிக்கலும் விசாவும் முடியும் வரை நீங்கள் லேண்ட் ஆகக் கூடாது. குழந்தையைச் சொல்லாமல் விட்டால், மேலே சொன்ன அதே தடை குழந்தைக்கும் பொருந்தும்.

விமானத்தில் பொதுவாக 36 வாரத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், பல நிறுவனங்கள் 28 வாரத்தில் இருந்தே டாக்டர் கடிதம் கேட்கின்றன. அங்கே பிரசவம் என்றால் ஏழாம் மாதம் தொடங்கும் முன்பே போய்விடுங்கள். டாக்டர் கிடைக்கவே சில வாரம் ஆகும்.

மருத்துவக் காப்பீடு முதல் நாளில் இருந்தே கிடைக்குமா?

மாகாணத்தைப் பொறுத்தது. ஒன்டாரியோவில் முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் நீக்கப்பட்டது. ஆனால் குடியேறிய முதல் 183 நாளில் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நீங்கள் வந்த மாதத்தின் மிச்ச நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு நாள் வித்தியாசம் ஒரு மாதம் ஆகிறது: செப்டம்பர் 30 அன்று வந்து குடியேறினால் டிசம்பர் 1 முதல் காப்பீடு, அக்டோபர் 1 அன்று வந்தால் ஜனவரி 1 முதல். வான்கூவர் போகிறவர்கள் மாதக் கடைசியில் டிக்கெட் பார்ப்பது இதனால்தான். கியூபெக்கிலும் மூன்று மாதம் வரை காத்திருப்பு உண்டு. இடைக்காலத்துக்குத் தனியார் பாலிசியைப் புறப்படும் முன்பே எடுங்கள். வந்து சேர்ந்த பிறகு எடுத்தால், நோய்க்கான காப்பு சில நாள் கழித்துத் தொடங்குவதாகப் பல பாலிசிகளில் இருக்கும்.

நகை, சீர்வரிசை, கல்யாணப் பரிசு எல்லாம் கொண்டுபோனால் வரி உண்டா?

முதல் லேண்டிங் நாளில் சரியாக அறிவித்தால் பெரும்பாலும் இல்லை. அந்த நாளை விட்டால் சிரமம்.

இரண்டு பட்டியல் தயாரியுங்கள். கையில் கொண்டுவருவது ஒன்று, பிறகு வரப்போவது இன்னொன்று. பி.எஸ்.எஃப். 186 என்ற படிவம் இதற்கானது, எல்லைச் சேவை முகமையின் தளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் விவரம், கனடா டாலர் மதிப்பு, வரிசை எண் இருந்தால் அதுவும் வேண்டும். சாஃப்ட் லேண்டிங் செய்கிறவர்கள் நகையை வீட்டு லாக்கரில் வைத்துவிட்டு வந்தாலும், இரண்டாவது பட்டியலில் அதை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் விட்டுப் பிறகு கொண்டுவந்தால் வரி கேட்கலாம்.

நகைக்கு 'வளையல் 4' என்று எழுதினால் போதாது. '22 காரட் தங்க வளையல், கெம்புக் கல் பதித்தது, ஜோடி 32 கிராம்' என்கிற அளவுக்கு வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து, மதிப்பீட்டாளர் கடிதத்தோடு அச்சிட்டு வையுங்கள். தாலிக்கொடி, ஆரம், ஒட்டியாணம் போன்ற பெரியவற்றைக் கட்டாயம் இப்படிச் செய்யுங்கள். ஒரே பொருளின் மதிப்பு 10,000 கனடா டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி வரலாம்.

பொதுவாக, வருமுன்னரே உங்களுக்குச் சொந்தமாகி, பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும் என்பது விதி. கல்யாணப் பரிசுக்கு மட்டும் விலக்கு: வருவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தாலோ, வந்து மூன்று மாதத்துக்குள் நடக்கப்போகிறது என்றாலோ, பிரிக்காத பரிசும் சேரும். ஸ்பான்சர் செய்யப்பட்ட துணைகளுக்குக் கல்யாணம் முடிந்து பல மாதம் ஆகியிருக்கும் என்பதால் இந்த விலக்கு பெரும்பாலும் பொருந்தாது. அதனால் பெட்டியோடு கிடக்கும் வெள்ளிப் பாத்திரங்களையும் பட்டுப் புடவைகளையும் எடுத்துப் பயன்படுத்திவிட்டுக் கொண்டுபோங்கள். வரியின்றிக் கொண்டுவந்ததை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டும்.

10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ பணம் கொண்டுவந்தால் அறிவிக்க வேண்டும். அதற்கு வரி இல்லை, மறைத்தால்தான் பறிமுதல். நகையோடு இந்தியா திரும்பப் போகிறவர்கள், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் வரும்போது வாக்குவாதம் இருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா?

லேண்ட் ஆகும் வரை வேண்டாம். விண்ணப்பம், மெடிக்கல், போலீஸ் சான்றிதழ், விசா எல்லாம் ஒரே பெயரில் இருக்கட்டும். அப்பா பெயர் இனிஷியலாகவும் குடும்பப் பெயராகவும் மாறி மாறி வருவதே போதுமான குழப்பம். கையெழுத்துப் போடும் முன் சி.ஓ.பி.ஆரில் பெயர் எழுத்துகள், பிறந்த தேதி இரண்டையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். அங்கேயே சுட்டிக்காட்டினால் நிமிட வேலை; பிறகு என்றால் தனி விண்ணப்பம், நீண்ட காத்திருப்பு.

வருமான வரிக்கு லேண்டிங் தேதி முக்கியமா?

முத்திரை விழுந்த தேதியை விட, எந்த நாளில் இருந்து கனடாவோடு குடியிருப்புப் பிணைப்பு ஏற்பட்டது என்பதே முக்கியம். துணை அங்கே வீடு வைத்து வாழ்வது பெரிய பிணைப்பு. அதனால் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாலும், அந்த நாளில் இருந்தே உங்களை வரிக் குடியிருப்பாளர் என்று கருத வாய்ப்பு உண்டு. அப்படியானால் ஊரில் வாங்கும் சம்பளம், வட்டி, வாடகை எல்லாவற்றையும் கணக்கில் காட்ட வேண்டும். ஆறு மாதம் ஊர்ச் சம்பளத்தில் இருக்கப் போகிறவர்கள் போகும் முன்பே ஒரு கணக்காளரிடம் பேசிவிடுவது நல்லது. குடியிருப்பாளர் ஆன நாளில் உங்கள் பங்குகள், நிலம் ஆகியவற்றின் சந்தை விலையையும் குறித்து வையுங்கள். பின்னாளில் விற்கும்போது கனடாவில் லாபத்தை அந்த விலையில் இருந்துதான் கணக்கிடுவார்கள்.

விசிட்டர் விசாவில் ஏற்கனவே அவரோடு கனடாவில் இருக்கிறேன். லேண்டிங்குக்காக வெளியே போய் வர வேண்டுமா?

தேவையில்லை. ஐ.ஆர்.சி.சி. மின்னஞ்சலில் அழைத்து, இணையத்தில் உள்ள பி.ஆர். போர்ட்டலில் கனடாவுக்குள் இருப்பதை உறுதிசெய்து, படம் ஏற்றச் சொல்லும். மின்னணுச் சி.ஓ.பி.ஆர். அதிலேயே வரும். அந்தச் சமயத்தில் கனடாவை விட்டு வெளியே போகாதீர்கள். கனடாவுக்குள் விசிட்டராக இருந்த நாட்கள் பின்னால் குடியுரிமைக்கு அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை. குடியுரிமைக்கு வேண்டியது ஐந்தாண்டில் 1,095 நாள்.

விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள்? ஸ்பான்சர் கூட இருக்க வேண்டுமா?

கூட இருக்க வேண்டியதில்லை, ஃபோனில் கிடைத்தால் போதும். இன்னும் கணவன் மனைவிதானா, குடும்ப நிலையில் மாற்றம் உண்டா, குற்ற வழக்கு உண்டா, எந்த முகவரி என்று கேட்பார்கள். ஸ்பான்சர் செய்யப்பட்ட துணையிடம், திறன்சார் வகுப்பினரிடம் கேட்பது போலக் குடியேற்றப் பணத்துக்கு ஆதாரம் கேட்பதில்லை. பாஸ்போர்ட், சி.ஓ.பி.ஆர்., கல்யாணச் சான்றிதழ், பொருள் பட்டியல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

லேண்டிங் நடப்பது முதலில் இறங்கும் கனடா விமான நிலையத்தில். கல்கரிக்குப் போகிறவர் டொரோண்டோ வழியாகப் போனால் எல்லாம் டொரோண்டோவில்தான். அங்கே அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது விடுங்கள். குடிவரவு வரிசை, பெட்டி, சுங்க வரிசை என்று மூன்றும் முடிய வேண்டும்.

லேண்ட் ஆன பிறகு உறவு முறிந்தால் பி.ஆர். போய்விடுமா?

அந்தக் காரணத்துக்காக மட்டும் போகாது. இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. கொடுமை நடக்கும் வீட்டில் பி.ஆருக்குப் பயந்து யாரும் பொறுத்திருக்க வேண்டியதில்லை. ஸ்பான்சர் கொடுத்த உறுதிமொழி, பிரிந்தாலும், நீங்கள் பி.ஆர். ஆன நாளில் இருந்து மூன்று ஆண்டு அவரைக் கட்டுப்படுத்தும். ஸ்பான்சர் மூலம் வந்தவர் தான் பி.ஆர். ஆன நாளில் இருந்து ஐந்தாண்டு வரை வேறு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது. ஆனால் லேண்டிங்குக்கு முன்பே உறவு முறிந்திருந்து, அதை மறைத்து இறங்கினால் அது தவறான தகவல், பி.ஆர். போகும்.

இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகலாமா?

போகலாம். சின் எண் (கனடாவின் சமூகக் காப்பீட்டு எண்) வேண்டும், இலவசம். சர்வீஸ் கனடா அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டும் சி.ஓ.பி.ஆரும் கொண்டுபோனால் பெரும்பாலும் அன்றே தந்துவிடுவார்கள். பி.ஆர். கார்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வெள்ளி இரவில் இறங்கினால் திங்கள் வரை பெரும்பாலான அலுவலகங்கள் திறந்திருக்காது; ஒரு வாரத்தில் திரும்பப் போகிறவர்கள் திங்களோ செவ்வாயோ இறங்கும்படி டிக்கெட் போட்டால் சின் எண், வங்கிக் கணக்கு இரண்டையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம்.